சாவியும் நாணயமும்: சூக் முதல் குட்னா ஹோரா வரை

சூக், சுவிட்சர்லாந்து

சூரிச் நகருக்குத் தெற்கே, மலைகள் சூழ்ந்த ஏரி ஒன்றின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சூக், மக்கள் தொகையில் மன்னார்குடியின் பாதியளவே உள்ள சிற்றூர். எனினும் கிரிப்டோ நாணயங்களைப் பற்றி எழுதுவோர் எவரும் இவ்வூரைத் தவிர்த்துச் செல்ல இயலாத நிலை 2014இலிருந்து ஏற்பட்டிருக்கிறது. அவ்வாண்டு இதை அடுத்த பார் என்னும் ஊரில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்த இளைஞர் குழு ஒன்று எத்தீரியம் என்ற வலையமைப்பை வடிவமைத்து, அதன் அறக்கட்டளையைச் சூக்கில் பதிவு செய்து, ஈத்தர் என்னும் நாணயத்தை முன்கூட்டியே விற்றதன் வழியாக அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.8 கோடி டாலர் திரட்டியது. ஒரே கணக்குப் பேரேட்டின் படிகளை ஆயிரக்கணக்கான கணினிகள் தம்மிடம் வைத்துக்கொண்டு, புதிய பதிவு ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்த்து ஏற்கும் முறையே பிளாக்செயின் எனப்படுகிறது. பிட்காயின் பேரேடு பெரும்பாலும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டுமே எழுதிவைக்க, எத்தீரியம் அதே பேரேட்டில் நிரல்களையும் ஏற்றிவைத்து, இன்னது நடந்தால் இன்னது செய்க என்ற நிபந்தனைகள் இடையாள் இன்றித் தாமே நிறைவேறுமாறு செய்தது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும் அந்நிரல்கள் இல்லாமல் மையமற்ற சந்தை என்பது எத்தீரியத்தில் தோன்றியிருக்காது.

கிரிப்டோ பள்ளத்தாக்கு என்று உலகம் அழைக்கும் இவ்வூரின் தெருக்களில் அப்பெயருக்குரிய அடையாளம் எதையும் வெளியூர்க்காரர் காண முடிவதில்லை. வழக்கறிஞர் அலுவலகங்களின் வாயிலில் அடுக்கடுக்காகப் பதித்த நிறுவனப் பெயர்ப்பலகைகளும், மதியம் ஏரிக்கரையில் ரொட்டி கடித்தபடி அமர்ந்திருக்கும் ஊழியர்களுமே கண்ணில் படுகின்றனர். நகராட்சி 2016 ஜூலையிலிருந்து 200 பிராங்க் வரையிலான சிறு கட்டணங்களைப் பிட்காயினில் பெறத் தொடங்கியதும், மாநில நிருவாகம் 2021 முதல் வரியையே பிட்காயினிலும் ஈத்தரிலும் ஏற்க முன்வந்ததும் உலகச் செய்திகளாயின. ஆனால் ஊரில் ஒரு பேக்கரிப் பெண்மணிக்கு அவை இரண்டையும்விட, 1915இல் இங்கே உருவாக்கப்பட்ட செர்ரிச் சாராயக் கேக்கைப் பற்றிப் பேசுவதிலேயே ஆர்வம் மிகுதியாக இருந்தது. மேலும் கீழும் பாதாம் மொறுமொறுப்பு, இடையே சாராயத்தில் ஊறிய கேக், சுற்றிலும் வெண்ணெய்ப் பூச்சு என்று அமைந்த அத்துண்டில் சாராயத்தின் காட்டம் முதல் வாயிலேயே மூக்கில் ஏறுகிறது. கரையோரத்தில் 1887 ஜூலை 5ஆம் நாள் நிலம் சரிந்து முப்பத்தைந்து கட்டடங்கள் ஏரிக்குள் இறங்க, பதினொருவர் மாண்டனர் என்ற தகவலையும் அவரே சொன்னார்.

சூக்கிலிருந்து சூரிச் செல்லும் வழியில் ஒதுங்கினால் அட்லிஸ்வில் முருகன் கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வரத் தொடங்கிய ஈழத்தமிழர், சுவிஸ் நாட்டில் வங்கிக் கணக்கு ஊன்றுவதற்கு முன்பே சீட்டையும் உண்டியலையும் ஊன்றிக்கொண்டவர்கள். உண்டியல் என்பது இங்கே ஒருவரிடம் பிராங்கைக் கொடுத்தால் அவருடைய ஆள் ஊரில் ரூபாயைக் கொடுத்துவிடும், தாளில்லாப் பண அனுப்புமுறை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்திருந்த, முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் கிரிப்டோ நாணயத்துக்கான வாலட் பற்றிய பேச்சு எழுந்தபோது, அவர் பிரசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சீட்டெண்டா ஆளைத் தெரிஞ்சிருக்கோணும், தம்பி. இதில ஆளே இல்லையெண்டு சொல்லுறியள், பிறகு காசு போனா ஆரைப் போய்க் கேக்கிறது?" என்றார். கிரிப்டோ உலகம் தன் பெருமையாக முன்வைக்கும் பண்பையே அவர் குறையாகக் கண்டார். பின்னர் பிராக்கிலும் குட்னா ஹோராவிலும் கிடைத்த விடைகளில் எதுவும் இக்கேள்வியை முழுமையாக அடக்கவில்லை.

பிராக்: ஹொலெஷோவிட்ஸே

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில், வல்டாவா ஆறு வளைந்து திரும்பும் மடியில், ஒருகாலத்தில் இறைச்சிக்கூடமும் ஆலைகளும் நிறைந்திருந்த ஹொலெஷோவிட்ஸே பகுதி இன்று ஓவியக்கூடங்களும் மென்பொருள் அலுவலகங்களுமாக மாறியிருக்கிறது. இங்கே 2014இல் தொடங்கப்பட்ட பரலெல்னி போலிஸ் என்னும் நிலையத்தின் பெயர், கம்யூனிச ஆட்சியை எதிர்த்த வாட்ஸ்லாவ் பெண்டா 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அரசைத் திருத்த முயல்வதைவிட, அதன் பள்ளி, பத்திரிகை, சந்தை ஆகியவற்றுக்கு இணையாகக் குடிமக்களே தமக்குரியவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். நிலையத்தைத் தொடங்கிய ஸ்டோஹோவன் கலைஞர் குழு, 2015இல் அதிபரின் கொடியை இறக்கிவிட்டுப் பிராக் கோட்டையின் மேல் பெரியதொரு சிவப்பு உள்ளாடையைப் பறக்கவிட்ட குழு என்பதைச் சொன்னால், அவ்விடத்தின் மனப்போக்கு விளங்கும். கீழ்த்தளக் காப்பிக்கடையில் விலை செக் நாணயமான கொருனாவில் எழுதப்பட்டிருந்தாலும் நோட்டை நீட்டினால் வாங்க மறுத்தார்கள். திரையில் தோன்றும் கட்டத்தைக் கைபேசியால் படமெடுத்துக் கிரிப்டோ நாணயத்தில் செலுத்தினால்தான் கோப்பை வந்தது. காப்பி நல்ல காப்பிதான், ஆனால் டிகாஷன் திடத்துக்குப் பழகிய நாவுக்குப் புளிப்பு சற்றுக் கூடுதல்.

வாலட் அமைக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு சிறு வகுப்பு மேல்தளத்தில் நடந்தது. கற்றுக்கொடுத்தவர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத மாணவி. கற்க வந்தவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். பணப்பை என்ற பொருளில் வாலட் என்று வழங்கினாலும் அதற்குள் நாணயம் எதுவும் இருப்பதில்லை என்பதிலிருந்தே அம்மாணவி தொடங்கினார். நாணயம் எப்போதும் பேரேட்டில்தான் இருக்கிறது. வாலட் வைத்திருப்பது, அந்தப் பதிவை நகர்த்தும் உரிமையை மெய்ப்பிக்கும் மிக நீண்ட இரகசிய எண்ணை மட்டுமே. அவ்வெண் தனிச்சாவி எனப்படுகிறது. அதிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் முகவரியை யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் முகவரியிலிருந்து சாவிக்குத் திரும்பிச் செல்லும் கணக்கு நடைமுறையில் இயலாதது.

எழுபத்தெட்டு இலக்கம் வரை நீளக்கூடிய ஓர் எண்ணை மனிதர் பிழையின்றிப் படியெடுக்க முடியாது என்பதால், 2013இல் இந்நகரைச் சேர்ந்த மாரெக் பலாடினுஸ், பாவொல் ருஸ்னாக் ஆகியோர் வேறு இருவருடன் சேர்ந்து, அதைச் சாதாரணச் சொற்களிலிருந்து மீட்டெடுக்கும் ஒரு நெறியை வகுத்தனர். 2048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள் குறிப்பிட்ட வரிசையில் எடுக்கப்படுகின்றன. ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே எந்தச் சொல்லையும் இனங்காணலாம். கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்புக் குறி அடங்கியிருப்பதால் மனம்போன சொற்களை அடுக்கினால் வாலட் பெரும்பாலும் ஏற்காது. சீட் பிரேஸ் எனப்படும் இவ்விதைத்தொடர் கையில் இருந்தால், கைபேசி ஆற்றில் விழுந்தாலும் வேறொரு கருவியில் சாவியை மீண்டும் முளைக்கச் செய்யலாம். பலாடினுஸும் ருஸ்னாக்கும் 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரெஸர் என்னும் சிறு கருவி, தனிச்சாவியை இணையத்தோடு தொடர்புள்ள கணினிக்குள் நுழையவிடாமல் தனக்குள்ளேயே வைத்துக் கையொப்பமிடும் ஹார்டுவேர் வாலட் வகையின் முன்னோடி.

டிராம் ஓட்டுநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பென்சிலால் பெரிய எழுத்துகளில் ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். ஏழாவது சொல்லை வாய்விட்டு வாசித்தபோது மாணவி உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். எழுதி முடித்ததும், பழக்கத்தின் காரணமாக, அவர் அத்தாளைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டார். படம் தானாகவே எங்கோ தொலைவிலுள்ள கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும், இனி அச்சொற்கள் இரகசியம் அல்ல என்று விளக்கிய மாணவி, தாளைக் கிழித்துப்போடச் செய்து முதலிலிருந்து தொடங்கவைத்தார். இரண்டாம் முறை எழுதியபின், வேண்டுமென்றே வாலட்டை அழித்துவிட்டுத் தாளைக் கொண்டு மீட்டெடுக்கும்படியும் சொன்னார். பணம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒத்திகை இதுவே என்பது அவர் கருத்து, அது சரியான கருத்தும்கூட. செக் மொழியிலும் சொற்பட்டியல் உண்டென்று அறிந்த முதியவர், தம் திரையில் ஆங்கிலமே வருவதைக் குறித்து முணுமுணுத்தார். தமிழுக்கு அந்நெறியில் பட்டியலே இல்லை.

பிராக்: பழைய நகரம்

நாணயம் மாற்றுவது எத்தகைய தொழில் என்பதை அறியப் பழைய நகரச் சதுக்கத்தின் சுற்றுவட்டாரத்தைப்போல் பொருத்தமான இடம் குறைவு. வானியல் கடிகாரத்தின் அடியில் கூட்டம் அண்ணாந்து நிற்க, அதைச் சுற்றிய சந்துகளில் கமிஷன் இல்லை என்ற பலகையுடன் கடைகள் யூரோவைக் கொருனாவாக்குகின்றன. கமிஷன் இல்லாவிட்டாலும் மாற்றுவிகிதத்திலேயே கணிசமான பங்கை விழுங்கிய கடைகளால் சுற்றுலாப் பயணிகள் ஏமாந்த கதைகள் பெருகியதன் பேரில், 2019இல் செக் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை வாடிக்கையாளருக்கு அளித்தது. மையமற்ற சந்தையில் அத்தகைய மூன்று மணி நேரம் கிடையாது. ஒப்பமிட்ட பரிமாற்றம் பேரேட்டில் ஏறிய பின்னர் அதை மாற்ற எந்த நாடாளுமன்றத்துக்கும் வழியில்லை.

தங்கியிருந்த விடுதியை நடத்தும் முதியவர், இரவுணவாகக் காளானும் கொத்தமல்லிக்குத் தூரத்து உறவான சதகுப்பைத் தழையும் போட்ட வெண்ணிறச் சூப்பை வைத்தபடி, 1953ஐப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு மே மாத இறுதியில் நாணயம் உறுதியாக இருக்கிறது என்று அதிபர் ஸாபோடோட்ஸ்கி வானொலியில் உறுதியளித்த மறுநாளே, ஜூன் 1 முதல் பழைய கொருனா செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ரொக்கத்தில் முதல் 300 கொருனாவுக்கு ஐந்துக்கு ஒன்று, அதற்கு மேற்பட்டதற்கு ஐம்பதுக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். பில்சன் நகரில் ஸ்கோடா ஆலைத் தொழிலாளர் தெருவில் இறங்கிக் கலகம் செய்தனர். தம் தாய் பிஸ்கட் டப்பாவில் சேர்த்திருந்த நோட்டுகளை அதன்பின் தாமும் தங்கையும் கடைவிளையாட்டுக்கு வைத்துக்கொண்டதாக அவர் கூறினார். 2016 நவம்பர் இரவொன்றில் பணமதிப்பிழப்பு அறிவிப்பைக் கேட்டு வரிசைக்குத் தயாரான தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இக்கதையின் தொடக்கம் பழக்கமானது; சேமிப்பின் பெரும்பங்கை இழக்கும் முடிவு பழக்கமற்றது. அரசு நடுவில் இல்லாத நாணயம் என்ற எண்ணம் இந்நகரில் இத்தனை விரைவாக வேரூன்றியதற்கு இந்நினைவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

பிராக்: நூஸ்லே

நூஸ்லே பள்ளத்தாக்கைக் கடக்கும் உயர்ந்த பாலத்தின் முனையில், கம்யூனிஸ்ட் கட்சி மாநாடுகளுக்காக 1981இல் திறக்கப்பட்ட கலாசார மாளிகை இன்று பிராக் காங்கிரஸ் மையம் என்ற பெயரில் நிற்கிறது. கட்சி போனபின் 2000 செப்டம்பரில் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் இங்கேதான் கூடின. எதிர்ப்பாளர்கள் இப்பாலத்தை நோக்கித்தான் திரண்டு வந்தனர். 2018 இலையுதிர்காலத்தில் அதே கூடங்களில் எத்தீரிய நிரலாளர்களின் மாநாடு நடந்தபோது, அதன் நிறைவு நாளான நவம்பர் 2 அன்று, இயந்திரப் பொறியாளர் வேலையை இழந்தபின் தாமாகவே நிரலெழுதக் கற்ற ஹேடன் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் யுனிஸ்வாப் என்னும் மையமற்ற சந்தையை எத்தீரியத்தில் ஏற்றினார்.

செக் நாட்டின் பெர்னோ நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பொறியாளர், இம்மாளிகையைக் காணச் சென்றபோது வழித்துணையாக வந்திருந்தார். யுனிஸ்வாப் இயங்கும் விதத்தைக் கட்டடத்தின் படிக்கட்டில் அமர்ந்து அவர் விளக்கிய முறை, பல நூல்களில் உள்ளதைவிடத் தெளிவானது. வழக்கமான கிரிப்டோ சந்தைகள் ஒரு நிறுவனத்தால் நடத்தப்படுகின்றன: வாடிக்கையாளர் நாணயத்தை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார், சாவியும் அதனிடமே இருக்கிறது, 2014இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸும் 2022இல் எஃப்டிஎக்ஸும் வீழ்ந்தபோது வாடிக்கையாளர் கையில் மிஞ்சியது நீதிமன்ற வழக்கில் ஓர் எண் மட்டுமே. மையமற்ற சந்தையில் நாணயம் பரிமாறும் கணம் வரை சொந்த வாலட்டிலேயே இருக்கிறது. அங்கே கோயம்பேட்டுச் சந்தையில் நடப்பதைப்போல் விற்பவரும் வாங்குபவரும் விலை கூறி எதிரெதிரே நிற்பதும் இல்லை. இருவகை நாணயங்களைக் கொட்டிவைத்த ஒரு பொதுக்கையிருப்போடுதான் எல்லோரும் வியாபாரம் செய்கிறார்கள். லிக்விடிட்டி பூல் எனப்படும் அக்கையிருப்பில் இருவகை நாணயங்களின் எண்ணிக்கைகளைப் பெருக்கினால் வரும் தொகை, பரிமாற்றத்துக்கு முன்னும் பின்னும் மாறக்கூடாது என்பதே அதன் அடிப்படை விதி.

பத்து ஈத்தரும் இருபதாயிரம் டாலர் நாணயங்களும் உள்ள சிறியதொரு பூலை எடுத்துக்கொண்டால், ஓர் ஈத்தரின் விலை 2000 டாலர், பெருக்கற்பலன் இரண்டு லட்சம். ஒருவர் ஓர் ஈத்தரை எடுத்துக்கொண்டால் மீதி ஒன்பதுதான். பெருக்கற்பலன் மாறாதிருக்க மறுபக்கம் 22,222 டாலராக உயர வேண்டும். ஆகவே அவர் செலுத்துவது 2000 அல்ல, 2222 டாலர். கையிருப்பு வழங்கியோருக்குப் போகும் 0.3 சதவீதக் கட்டணமும் இதற்குமேல் சேரும். அதே ஓர் ஈத்தரைப் பத்தாயிரம் ஈத்தர் கொண்ட பெரிய பூலில் வாங்கினால் கூடுதலாகப் போவது இருபது சென்ட்தான். ஸ்லிப்பேஜ் எனப்படும் இவ்விலை வழுக்கலை, பழைய நகரச் சந்துக்கடையைப்போல் யாரும் மறைப்பதில்லை, திரையில் எழுதியே காட்டுகிறார்கள். படிக்காமல் பொத்தானை அழுத்துவோருக்கு அதனால் பயன் இல்லை.

கையிருப்பு வழங்குவோர் கட்டணம் பெறுகிறார்கள் என்பதைச் சொல்பவர்கள், அவர்கள் அடையக்கூடிய இழப்பை அத்தனை உரக்கச் சொல்வதில்லை. மேற்கண்ட பூலை ஒருவரே நிரப்பியதாகவும், பின்னர் ஈத்தரின் விலை 8000 டாலருக்கு ஏறியதாகவும் கொண்டால், வாங்குவோர் ஈத்தரை எடுத்துச் சென்றதன் விளைவாக அவர் பூலில் ஐந்து ஈத்தரும் நாற்பதாயிரம் டாலரும், ஆக எண்பதாயிரம் டாலர் மதிப்பு இருக்கும். பத்து ஈத்தரையும் இருபதாயிரம் டாலரையும் வாலட்டில் சும்மா வைத்திருந்தால் அது ஒரு லட்சமாகியிருக்கும். விலை எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு இவ்விடைவெளி விரிகிறது. கட்டண வருவாய் அதை ஈடுசெய்யுமா என்பது பூலுக்குப் பூல் வேறுபடும்.

வேறு சில பொறிகளும் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வலையமைப்புக்குச் செலுத்தும் கேஸ் கட்டணம் தொகையைப் பொறுத்து அமைவதில்லை. நெரிசலைப் பொறுத்து அமைவதால், சிறுதொகை மாற்றுவோர் நெரிசல் நேரங்களில் பொருளைவிடக் கூலிக்கு அதிகம் கொடுக்கக்கூடும். பேரேட்டில் ஏறக் காத்திருக்கும் பெரிய கொள்முதலைக் கண்டுகொள்ளும் தானியங்கி நிரல்கள், அதற்கு முன்னே வாங்கிப் பின்னே விற்று இடைவிலையைச் சுருட்டுவதும் அன்றாடம் நிகழ்கிறது. முதன்முதலில் ஒரு நாணயத்தை விற்கும்போது அதை எடுத்துக்கொள்ள நிரலுக்கு அனுமதி தர வேண்டும். போலித் தளம் ஒன்றில் அளவு குறிக்காமல் அனுமதி கொடுத்துவிட்டு மறந்த பொறியாளரின் அறைத்தோழர் ஒருவர், பல மாதங்களுக்குப் பின் அத்தளத்தின் வழியே வாலட்டில் அந்நாணயம் முழுவதும் காலியானதைக் காலையில் பல் துலக்கும்போது கண்டார். "புகார் குடுக்கலாம்னு ஸ்டேஷன் வரைக்கும் போனாங்க. எந்த நாட்டு ஸ்டேஷன்னு அங்க இருந்தவருக்கே தெரியல" என்றார் பொறியாளர்.

குட்னா ஹோரா

பிராக்கின் கிழக்கே, இறங்கி ஏறும் கோதுமை வயல்களைக் கடந்தால் வரும் குட்னா ஹோரா, வெள்ளியால் எழுந்து வெள்ளி தீர்ந்ததும் அடங்கிய ஊர். மன்னர் இரண்டாம் வாட்ஸ்லாவ் 1300இல் நாட்டின் நாணய அச்சகங்களையெல்லாம் ஒழித்து, இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்து, இவ்வூரின் ஒரே கோட்டைக்குள் பிராக் குரோஷன் என்னும் வெள்ளிக்காசை அடிக்கத் தொடங்கினார். மையப்படுத்தல் என்பதன் பாடநூல் எடுத்துக்காட்டு அது. சுரங்கத் தொழிலாளரின் காவல்தெய்வமான புனித பார்பராவின் பேராலயத்தில், நாணயம் அடிப்போருக்கென்று ஒதுக்கிய சிற்றாலயச் சுவரில், குந்தியிருந்து சுத்தியலால் காசடிக்கும் உருவங்கள் மங்கிய வண்ணத்தில் இன்றும் தெரிகின்றன. வெள்ளை அங்கியும் தலைக்கவசமும் அணிவித்து அழைத்துச் செல்லும் பழைய சுரங்கத்தின் சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பினால்தான் உடல் நுழைகிறது.

தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி கொண்டிருந்த அக்காசில், 1547இல் அச்சடிப்பு நின்றபோது வெள்ளியின் பங்கு வெகுவாகக் குறைந்திருந்தது. போருக்கும் அரண்மனைக்கும் பணம் வேண்டியபோதெல்லாம் மன்னர்கள் செம்பைக் கூட்டினர். பிட்காயினின் எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாது என்ற வரம்பு இத்தகைய வரலாற்றுக்கு விடையாகவே முன்வைக்கப்படுகிறது. ஆயினும் யாரும் யாரிடமும் கேளாமல் சில நிமிடங்களில் புதிய நாணயத்தை அச்சிட்டுப் பூல் திறக்கலாம் என்ற மையமற்ற சந்தையின் ஏற்பாடு, மன்னருக்கு மட்டும் இருந்த கலப்படச் சுதந்திரத்தை எல்லோருக்கும் வழங்கியிருக்கிறது. தென்கொரியத் தொலைக்காட்சித் தொடரின் பெயரில் 2021 அக்டோபரில் வந்த ஸ்குவிட் நாணயத்தை வாங்க முடிந்தவர்கள் பெரும்பாலும் விற்க முடியாதவாறு அமைக்கப்பட்டிருந்தது. விலை 2800 டாலரைத் தாண்டிய நாளிலேயே அதை உருவாக்கியோர் பணத்துடன் மறைய, நாணயம் ஒன்றுமில்லாமல் போனது. குட்னா ஹோராவில் காசை நிறுத்துப் பார்க்கத் தராசு இருந்தது. இங்கே அதற்கு ஈடானது நிரலை வாசிக்கும் திறன், அது வாங்குவோரில் மிகச் சிலருக்கே உண்டு.

சைவ உணவுக்காரரான பொறியாளருக்குச் செக் நாட்டில் எல்லா ஊர்களிலும் ஒரே உணவு. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு. மதிய உணவின்போது பேச்சு வரியின் பக்கம் திரும்பியது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீத வரி; ஒரு நாணயத்தின் இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இடமில்லை; அவ்வாண்டு ஜூலை முதல் பரிமாற்றத் தொகையிலேயே 1 சதவீதப் பிடித்தமும் வந்தது. செக் நாடோ பின்னர் 2025இல், மூன்றாண்டுக்கு மேல் வைத்திருந்து விற்பதற்கு வருமான வரி விலக்கு அளித்தது.

ஆனால் அவரை உறுத்தியது வரியைவிட வாரிசு விவகாரம். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, லாக்கருக்கும் உண்டு, வாலட்டுக்கு இல்லை. விதைத்தொடரைப் பாதியாக வெட்டி இருவரிடம் கொடுப்பது பாதுகாப்பைக் குலைப்பதால், ட்ரெஸரைத் தயாரிக்கும் பிராக் நிறுவனமே 2019இல் தன் கருவியில் கொண்டுவந்த பங்கீட்டு முறையை அவர் தேர்ந்தெடுத்திருந்தார்: தனித்தனிச் சொற்றொடர்களாக மூன்று பங்குகள், எவையேனும் இரண்டு சேர்ந்தால் சாவி மீளும், ஒன்று மட்டும் திருடு போனால் எதுவும் தெரியாது. ஒரு பங்கு பெர்னோவில், ஒன்று சென்னையில் உள்ள தங்கையிடம், மூன்றாவது கோயம்புத்தூர் வீட்டு பீரோவில், நிலப்பத்திரங்களுக்கு நடுவே. பீரோவில் வைக்கும் எந்தத் தாளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கமுள்ள அம்மா, இதற்கும் தடவலாமா என்று தொலைபேசியில் கேட்டாராம். "தாராளமா தடவுங்கம்மா, எழுத்து மேல மட்டும் படாமப் பாத்துக்குங்க" என்று சொன்னதாகக் கூறிய பொறியாளர், கொருனா நோட்டுகளை எண்ணி மேசையில் வைத்தார். அவ்வுணவகத்தில் அட்டையும் ஏற்பதில்லை, பிட்காயினும் ஏற்பதில்லை.